அனுஜா அப்பா

“அனுஜா அப்பா, இன்னைக்காவது பிள்ளைகிட்ட போனைக் குடுக்கீங்களா, இல்லையா?”

ஜெப்ஸி டீச்சர் போனில் கேட்டாள். மறுமுனையில் ஒரே இரைச்சல். யாரோ கால் கிலோ துவரம்பருப்பு கேட்டார்கள்.

“பிள்ள இப்ப இங்கன இல்லயே டீச்சர்.”

“ஒரு மாசமா இதையேதான் சொல்லுதீங்க.”

“நேத்து நீங்க சொன்ன கணக்கெல்லாம் போட்டுட்டா டீச்சர். காய்ச்சல், இருமல் ஒண்ணும் கிடையாது. கபசுரக் குடிநீர் குடிக்கச் சொன்னீயல்லா, மூஞ்சியச் சுளிச்சிக்கிட்டே குடிச்சிட்டா. அடுத்த பாடத்தச் சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்.”

கொரோனா வந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டியதிலிருந்து ஆசிரியர்களுக்கு இதுதான் வேலை. அவரவர் வகுப்புப் பிள்ளைகளின் வீட்டுக்குத் தினமும் போன் போட வேண்டும். யாருக்காவது காய்ச்சலா, வீட்டில் அடுப்பு எரிகிறதா, பாடம் எழுதினார்களா என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். பல வீடுகளில் போனை எடுப்பதே பெரிய காரியம். அனுஜாவின் அப்பா ஒருவர்தான் முதல் மணியிலேயே எடுப்பார். சொன்னதை ஒன்று விடாமல் திருப்பிச் சொல்வார். பிள்ளையை மட்டும் பேச விடமாட்டார்.

அதுதான் ஜெப்ஸிக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. பதிவேட்டில் அனுஜாவின் அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை என்று இருந்தது. போனிலோ எப்போதும் கடைச் சத்தம். வேலை போய் ஏதோ கடையில் சேர்ந்திருக்கிறார், மகளையும் பொட்டலம் கட்ட உட்காரவைத்துவிட்டார் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். எட்டாம் வகுப்பில் அனுஜாதான் முதல் மாணவி. இப்படி வேலைக்குப் போய்ப் பழகிய பிள்ளை, பள்ளிக்கூடம் திறந்ததும் திரும்பி வருமா?

“நாளைக்கு ஸ்கூல்ல அரிசி, பருப்பு, முட்டை குடுக்கோம். அனுஜாவைக் கூட்டிக்கிட்டு நீங்களே வாங்க. பிள்ளையை என் கண்ணால பாக்கணும். வரலன்னா, சின்னப் பிள்ளைய வேலைக்கு வச்சிருக்கீங்கன்னு கலெக்டர் ஆபீசுக்கு எழுதிப் போட்டுருவேன்.”

“ஐயையோ, கூட்டிட்டு வாரேன் டீச்சர்!”

மறுநாள் மைதானத்தில் வகுப்புக்கு ஒரு மேசை போட்டிருந்தார்கள். கடல்காற்றில் பதிவேடு பறக்காமல் இருக்க, அதன் மேல் ஒரு பருப்புப் பொட்டலத்தை வைத்திருந்தாள் ஜெப்ஸி. மொபெட் ஒன்று வந்து நின்றது. பின்னாலிருந்து அனுஜா குதித்து இறங்கினாள். வண்டியை ஓட்டி வந்தவரின் கண்கள் மட்டும்தான் மாஸ்க்குக்கு மேலே தெரிந்தன. பாவம், பயந்து போயிருந்தார்.

அனுஜா நோட்டுகளை எடுத்து நீட்டினாள். போனில் சொன்ன அத்தனை பாடமும் தேதிவாரியாக இருந்தது.

“கடையில வேலை பாக்கியா பிள்ள?”

“இல்ல மிஸ். சாயங்காலம் நோட்டைக் காட்ட மட்டும்தான் கடைக்குப் போவேன்.”

ஜெப்ஸிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இந்த மனிதரைப் போய் என்னவெல்லாம் பேசிவிட்டோம் என்று வெட்கமாகவும் இருந்தது. “மன்னிச்சிருங்க அனுஜா அப்பா. உங்கள மாதிரி ஒரு அப்பா கிடைக்க இவ குடுத்து வச்சிருக்கணும்” என்றாள்.

“இருக்கட்டும் டீச்சர், பிள்ளைய நெனச்சுதான சொன்னீய.”

அந்தக் குரலைக் கேட்டதும் அடுத்த மேசையிலிருந்து ஏழாம் வகுப்பு உமாராணி டீச்சர் நிமிர்ந்தாள். “ஏங்க, நீங்க பிரைட்டன் அப்பாதானே? எப்பப் போட்டாலும் உங்க லைன் ஏன் பிஸியாவே இருக்கு?”

ஆறாம் வகுப்பு ஞானபாக்கியம் டீச்சரும் எட்டிப் பார்த்தார். “பிரைட்டன் அப்பாவா? இவங்க எங்க ஷாமோட அப்பால்லா! தினமும் என்கிட்ட பேசுதாங்களே.”

மூன்று டீச்சர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அனுஜா வேறு பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

“எம் பேரு முத்துமணி, டீச்சர். பலசரக்குக் கடை வச்சிருக்கேன்” என்றார் அவர், குற்றவாளிக் கூண்டில் நிற்பவரைப் போல. “எங்க தெருவுல முக்காவாசி வீட்ல போன் கிடையாது. யாரு நம்பர் கேட்டாலும் கடை நம்பரத்தான் எழுதிக் குடுப்பாவ. முதல் நாளு நான் கடைக்காரன்னுதான் சொன்னேன். பெத்தவங்ககிட்டதான் பேசணும்னு எல்லாரும் போன வச்சிட்டீய. அரிசி குடுக்குற சேதியா இருந்து பிள்ளைங்களுக்குக் கிடைக்காமப் போயிட்டா? அதான் மறுநாள்ல இருந்து அப்பான்னே சொல்லிட்டேன். சாமான் வாங்க வாரவங்ககிட்ட சேதியச் சொல்லி விடுவேன். சாயங்காலம் பிள்ளைங்க கடை முன்னால, தள்ளி நிக்கப் போட்ட வட்டத்துல நின்னு நோட்டக் காட்டிட்டுப் போவாங்க.”

“மொத்தம் எத்தனை பிள்ளைக்கு அப்பா நீங்க?”

“ஏழு டீச்சர். ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும் வகுப்புக்கு ஒண்ணு. நாலாங்கிளாஸுக்கு மட்டும் எங்க தெருவுல ஆள் இல்ல.”

ஜெப்ஸிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் நீர் கோத்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு மனசு நிறைந்திருந்தது. “நீங்க நல்லா இருக்கணும் அண்ணாச்சி! சரி, உங்க சொந்தப் பிள்ளைங்க எங்க படிக்காங்க?”

முத்துமணி தலையைச் சொறிந்தார்.

“அதுக்கு முதல்ல கல்யாணம் ஆகணும்லா டீச்சர்! போன வாரம் பொண்ணு வீட்டுக்காரங்க என்னையப் பாக்கக் கடைக்கு வந்திருந்தாங்க. அந்நேரம் பாத்து நீங்க எல்லாரும் வரிசையா போன் போட, நானும் ‘எம் பிள்ள நல்லாருக்கு’ன்னு ஏழு தடவ சொன்னேன், நான் குடுத்த டீயக்கூட குடிக்காம எந்திரிச்சிப் போயிட்டாங்க.”