லேட்டாக வந்த ஐந்து பேர்

"எத்தனை மணிக்கு வரச் சொன்னா எத்தனை மணிக்கு வந்து நிக்கிறீங்க?"

ஷோரூம் வாசலில் நின்ற ஐந்து பச்சை உருவங்களையும் பார்த்து மேனேஜர் எரிந்து விழுந்தார். ஆளுக்கு மூன்று கண், முழங்கால் வரை தொங்கும் கை, கையில் வளைந்த குழாய் ஒன்று. ஏஜென்சிக்காரன் இந்தத் தடவை வேஷத்துக்காவது கொஞ்சம் செலவு செய்திருக்கிறான் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

'வானத்திலிருந்து இறங்கிய விலை' என்று மெத்தைக்கும் சோபாவுக்கும் தள்ளுபடி போட்டிருந்தார். நோட்டீஸ் கொடுக்க, வேற்றுக்கிரகவாசி வேஷத்தில் ஐந்து பேரை அனுப்பும்படி ஏஜென்சியில் சொல்லி வைத்திருந்தார். அவர் மூளைக்கு அதற்குமேல் எட்டாது.

கடையில் அவருக்குப் பெயர் கேரண்டி. வழி கேட்க வந்தவரிடம்கூட "பத்து வருஷம் கேரண்டி" என்று ஆரம்பிக்கிற ஜென்மம். அந்தப் பெயரை வைத்தவள் அவருடைய அக்கா மகள்தான். அம்மா தம்பியிடம் கெஞ்சி வாங்கிக் கொடுத்த வேலை அவளுக்கு. "கடையில மாமான்னு கூப்பிடாதே, சார்னு கூப்பிடு" என்பதுதான் முதல் நாள் கிடைத்த பயிற்சி. அன்றிலிருந்து யாரும் உட்காராத நாற்காலிகளைத் துடைத்துத் துடைத்து அவளுக்கு வாழ்க்கையே வெறுத்துப் போயிருந்தது.

கடையில் செல்போன் பார்க்கக் கூடாது என்பது கேரண்டியின் சட்டம். ஆகவே அவள், விற்பனைக்கு நின்ற ஓர் அலமாரிக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர் ஊராக விண்கலங்கள் இறங்கியிருந்தன. அலறி ஓடியவர்களை எல்லாம் சுட்டுச் சாம்பலாக்கிவிட்டார்கள் என்றது செய்தி.

அலமாரிக் கதவை லேசாகத் திறந்து ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தாள். கார் நிறுத்தும் இடத்துக்கு மேல், கவிழ்த்து வைத்த அண்டா மாதிரி ஒன்று மிதந்துகொண்டிருந்தது. வாசலில் நிற்பது வேஷம் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல் தடவையாக அவளுக்குத் தூக்கம் கலைந்திருந்தது. இந்த மனுஷனுக்கு விஷயம் தெரிந்தால் அலறிக்கொண்டு ஓடுவார். அவரோடு சேர்ந்து தானும் சாம்பல். கரப்பான் பூச்சியைக் கண்டாலே நாற்காலி மேல் ஏறுகிறவர் அவர். தெரியவே விடக்கூடாது என்று முடிவு செய்துகொண்டு அவள் வெளியே வந்தாள்.

கேரண்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீ குப்பையைப் பின்னாடி கொட்டிட்டு அப்படியே வீட்டுக்குப் போ."

"இப்பவேவா சார்?"

"இருந்து என்ன கிழிக்கப் போறே? போ."

ஒரு நிமிஷம் முன்னால் கிளம்பினாலும் கடிகாரத்தைக் காட்டுகிறவர், இன்று துரத்துகிறார். தள்ளுபடி நாளில் இவள் கண்ணில் படாமல் தொலைந்தால் போதுமாம், அவ்வளவு இளப்பம். இந்த ஆளைத் தனியாக விட்டுப் போனால் உருப்பட்டாற்போலத்தான். அவள் நகரவில்லை.

ஐவரில் உயரமானவன் வாயைத் திறந்தான். அவன் கழுத்தில் தொங்கிய பெட்டி, செய்தி வாசிப்பது போலத் தமிழ் பேசியது.

"எங்களை எதிர்பார்த்திருந்தீர்களா?"

"காலையில இருந்து. உங்களை மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். அந்தக் குழாயை மெத்தை மேல வைக்காதே. நேரா நில்லு. தொப்பையை உள்ள இழு."

உயரமானவனின் மூன்று கண்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. உலகத்தையே பிடிக்க வந்த வீரன், தொப்பையை உள்ளே இழுத்தான். மற்ற நால்வரும் குழாய்களை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்கள். இதற்கா அவ்வளவு தூரத்திலிருந்து கிளம்பி வந்தீர்கள் என்று கேட்கலாம் போலிருந்தது அவளுக்கு.

"எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் எங்கே?" என்றது பெட்டி. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

கேரண்டி எதையாவது உளறுவதற்குள் அவள் முந்திக்கொண்டாள். பக்கத்திலிருந்த பச்சைத் தோல் சோபாவைத் தட்டிக் காட்டினாள்.

"இதோ இருக்காங்களே."

உயரமானவன் சோபாவைப் பார்த்தான். தன் கையைப் பார்த்தான். அதே பச்சை.

"தொட்டுப் பாருங்க. ஒரிஜினல் தோல். பத்து வருஷம் கேரண்டி," என்றார் கேரண்டி.

எமனே எதிரில் வந்தாலும் அவனுக்கும் ஒரு சோபாவை விற்கப் பார்ப்பார். ஆனால் அந்த வியாபாரப் புத்திக்கு அன்றைக்கு அவள் கும்பிடு போட்டிருப்பாள்.

ஐந்து பேரும் ஒரே கதவில் முட்டி மோதிக்கொண்டு ஓடினார்கள். அண்டா தள்ளாடிக் கிளம்பி மேகத்துக்குள் போய் மறைந்தது. சற்று நேரத்தில், எல்லா ஊர்களிலிருந்தும் விண்கலங்கள் திரும்பிப் போகின்றன என்று செல்போன் சொன்னது.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. உலகத்தைக் காப்பாற்றியாகிவிட்டது, பக்கத்தில் நிற்கிற ஆளுக்கு அதுகூடத் தெரியாது. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"உங்களை நினைச்சா பாவமா இருக்கு மாமா. வந்தது யாருன்னு தெரியுமா? நிஜமான வேற்றுக்கிரகத்துக்காரங்க. தெரிஞ்சா நீங்க அலறிடுவீங்கன்னு, நான்தான் உங்ககிட்ட சொல்லாம சமாளிச்சேன்."

மாமா என்றதற்குக் கேரண்டி முறைக்கவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறக்கப் பார்த்தார். மூடி கைக்கு அடங்காமல் நழுவியது. அவள் வாங்கித் திறந்து கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ஏஜென்சி ஆளுங்க வரமாட்டாங்கன்னு காலையிலயே போன் வந்துடுச்சும்மா."