குதிக்கும் பொத்தான்

பழைய வீடியோ கேம் கேசட்டில் ஆட்டத்தைச் சேமிக்க வழியில்லை; அணைத்தால் எல்லாம் போய்விடும். ஆகவே, கை முறிந்து எஸ்தர் மருத்துவமனையில் இருந்த மூன்று நாளும் அவள் பாதியில் நிறுத்திய ஆட்டத்தை அவள் கணவர் ஞானராஜ் அணைக்கவில்லை. மின்தடைக்கு அஞ்சி இன்வெர்ட்டரை அதற்கே ஒதுக்கி, தம் புதிய கன்சோலைத் தொடாமலிருந்தார். திரையில் குட்டி வீரன் பள்ளத்துக்கு முன்னே நின்றான். அவனுக்கு மிஞ்சியது ஓர் உயிர்.

மாவுக்கட்டுடன் திரும்பிய எஸ்தர் இடக்கையால் ஜாய்ஸ்டிக்கை எடுத்தாள்.

“நான் ஓட்டுறேன். குதிக்கிற பட்டன் உங்களுக்கு.”

“எனக்குப் பழசெல்லாம் வராதும்மா. கொன்னுபோட்டேன்னா?”

“புதுசுல மட்டும் பெரிய சூரரு! நான் சொன்னதும் அமுக்குங்க, போதும்.”

வீரன் ஓடினான். பள்ளம் நெருங்கியது. ஞானராஜ் திரையைப் பார்க்கவில்லை. அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.