எட்டாத நாலு அங்குலம்

"அடுப்பங்கரையை நாளைக்கே இடிக்கணும். இல்லன்னா கோர்ட்டுதான்!"

"போங்க சார். போறதுக்கு முன்னாடி இந்த மூலையைப் பாத்துட்டுப் போங்க!"

பெரிய மார்க்கெட்டிலிருந்து மீனோடு வந்துகொண்டிருந்தேன். கத்தல் தெருமுனையிலேயே கேட்டது. வஞ்சிரம் கெட்டால் கெடட்டும் என்று செந்தமிழ்ச்செல்வி வீட்டு மதிலோரம் நின்றுவிட்டேன். எனக்கு முன்பே எட்டுப் பேர். எங்கள் பாண்டிச்சேரி உப்பளத்தில் யாருக்குமே வேலை கிடையாது போலிருக்கிறது.

செல்விக்கு இருபது வருடமாகச் சித்தாள் வேலை. தம்பி வெற்றிச்செல்வனோடு இருக்கிறாள். இடிக்கச் சொல்லிக் கத்தியவர் பின்வீட்டுப் பலராமன், ரிட்டையரான கணக்கு வாத்தியார்.

செல்வியுடையது முக்கோண மனை. பத்திரத்தில் தெருப்பக்கம் ஒன்பது மீட்டர், வாய்க்கால் பக்கம் பன்னிரண்டு. மூன்றாவது பக்கம், இரண்டு வீட்டுக்கும் நடுவே ஓடும் சுவர். அதன் அளவை மட்டும் கரையான் தின்றுவிட்டது.

கரையான் தின்றதை வாத்தியார் பிதாகரஸை வைத்து மீட்டார். எண்பத்தொன்றும் நூற்று நாற்பத்து நாலும் இருநூற்று இருபத்தைந்து. வர்க்கமூலம் பதினைந்து. சுவரோ பதினாறு மீட்டர். ஆக, ஒரு மீட்டர் அவர் இடத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கோடியில் இருப்பது செல்வியின் அடுப்பங்கரை.

"மூலை சரியா இருந்தாத்தானே சார் அந்தக் கணக்கு?"

"இது வெள்ளைக்காரன் நூல் புடிச்சிப் போட்ட ஊரு. எந்த மூலையை எடுத்தாலும் தொண்ணூறு டிகிரி!"

இதைச் சொல்லாத பாண்டிக்காரர் யார்? வெளியூர் உறவுக்காரர்கள் வந்தால் நானே சொல்வேன். வெள்ளைக்காரன் நூல் பிடித்திருக்கலாம். வாய்க்கால் பிடித்ததா என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

செல்வி டேப் கேட்டாள். வாத்தியார் தன்னுடையதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

டெய்லர் கலீலுல்லா பாய் கழுத்தில் கிடந்ததைக் கழற்றி மதிலுக்கு மேலே வீசினார். டெய்லர் டேப் சரியாக ஐந்தடி.

தெருச்சுவரும் வாய்க்கால் சுவரும் சேரும் முற்றத்து மூலையிலிருந்து இந்தச் சுவரில் மூன்றடி, அந்தச் சுவரில் நாலடி. செங்கல் துண்டால் கோடு கிழித்தாள். "கொத்தனாரு எவரை வேணா கேளுங்க. மூலை சரின்னா குறுக்க அஞ்சடி வரணும். யாராச்சும் அந்த முனையைப் புடிங்க."

யாரும் பிடிக்கவில்லை. நின்றவர்களில் பாதிப் பேர் வாத்தியாரிடம் படித்தவர்கள். அவர் திருகியதைக் காது இன்னும் மறக்கவில்லை. நான் மீனைப் பார்த்துக்கொண்டேன்.

வாத்தியார் மகள் அமுதவல்லி செருப்புகூடப் போடாமல் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அப்பாவைத் தாண்டிக்கொண்டு போய், குனிந்து, டேப் முனையை மூன்றடிக் கோட்டில் வைத்து அழுத்தினாள். செல்வி மறுமுனையை நாலடிக் கோட்டுக்கு இழுத்தாள்.

எட்டவில்லை. நாலு அங்குலம் இடைவெளி.

"நல்லா இழு!"

"இழுத்தாச்சுப்பா," என்றாள் அமுதவல்லி. "டேப்புதான் முடிஞ்சி போச்சு."

செல்வி நிமிர்ந்தாள். "மூலை விரிஞ்சி கெடக்குது சார். விரிஞ்சா எதிர்ப்பக்கம் நீளாம இன்னா பண்ணும்? ஒங்க பதினஞ்சு இங்க செல்லாது. வேணும்னா தெருப்பக்கத்தையும் வாய்க்கா பக்கத்தையும் அளந்துக்குங்க. ஒம்பது, பன்னெண்டுக்கு மேல ஒரு சாண் இருந்தா நானே கடப்பாரை எடுக்கறேன்."

அவர் அளக்கவில்லை. மகளைத்தான் பார்த்தார். மகள் டேப்பைச் சுருட்டி பாயிடம் கொடுத்தாள்.

வஞ்சிரம் கெட்டுத்தான் போனது.

அதே வருடம் ஆவணியில் அமுதவல்லிக்கும் வெற்றிச்செல்வனுக்கும் பதிவுத் திருமணம் நடந்தது. சாட்சிக் கையெழுத்து கலீலுல்லா பாய். தேங்காய்த்திட்டில் குடியிருக்கிறார்கள், அவனுக்கு அங்கேதான் படகு எஞ்சின் வேலை. வாத்தியார் வீட்டை விற்றுவிட்டு லாஸ்பேட்டைக்குப் போய்விட்டார். அங்கே எல்லா மூலையும் சரியாக இருக்கிறதாம்.

அடுப்பங்கரை அப்படியே நிற்கிறது. ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். அதன் ஜன்னல் அமுதவல்லியின் மாடி அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் நேரே தெரியும். செல்வி விடியும்போதே வேலைக்குக் கிளம்பிவிடுவாள். அங்கே காலை டீ போட்டது எப்போதும் வெற்றிச்செல்வன்தான்.

அந்தச் சுவர் பதினெட்டு வருடமாக அங்கேதான் இருந்தது. வாத்தியார் டேப்பை எடுத்தது, மகள் விடியற்காலையிலேயே ஜன்னலைத் திறக்கத் தொடங்கிய அந்தச் சித்திரையில்தான்.