மேப்பிள் மரத்தடி

தோண்டுகிறவர்கள் மேப்பிள் மரம் வரைக்கும் வரமாட்டார்கள் என்றுதான் வசந்தாமணி நம்பிக்கொண்டிருந்தாள்.

வந்துவிட்டார்கள்.

ஆரஞ்சு வலைக்கு இந்தப் பக்கம் அவளும் கணவன் சேனாபதியும். பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலைப் பிடிக்க வேண்டியவன், இன்று லீவு போட்டிருந்தான். அந்தப் பக்கம் மண்வெட்டியோடு ஆட்கள். கூடவே குல்லா போட்ட கிழவர் ஒருவர், மிஸ்டர் ரோசன்.

பூங்கா என்றுதான் இருவரும் நினைத்திருந்தார்கள். ஊஞ்சல் இருந்தது, பெஞ்சு இருந்தது. யூதர்களின் இடுகாடு என்று யார் கண்டார்கள்? சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக ஊரைவிட்டுப் போய்விட, கேட்க நாதியில்லை என்று முனிசிபாலிட்டி கல்லறைக் கற்களைப் பிடுங்கிவிட்டுப் புல் போட்டதாம். இப்போது அந்தப் புல்லும் போய்க் கார் பார்க்கிங் வருகிறது. தாத்தாவின் எலும்பையாவது வேறு இடுகாட்டுக்குக் கொண்டுபோக ரோசன் ஓடிவந்திருந்தார்.

வெள்ளிக்கிழமைதோறும் வசந்தாமணி அந்த மரத்தடியில் கொஞ்சம் பால் ஊற்றுவாள். யாராவது கேட்டால், மரத்துக்கு என்பாள்.

குனிந்த ஒருவன் மண் அப்பிய எவர்சில்வர் தூக்குப்போசியோடு நிமிர்ந்தான்.

ரோசன் மூடியைத் திறந்தார். உடனே மூடினார். கைக்குட்டையால் போசியின் பக்கவாட்டைத் துடைத்துக்கொண்டே வலையருகே வந்தார்.

“குழந்தை. பிறக்கும் முன்பே போயிருக்க வேண்டும். இந்த எழுத்து எங்களுடையது இல்லை. உங்களுக்குத் தெரிகிறதா?”

“ஏனுங்க, சொல்லீருங்க,” என்றாள் அவள், கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு.

அடுத்த மாதம் கிரீன் கார்டு இன்டர்வியூ. பொது இடத்தில் கேட்காமல் கொள்ளாமல் புதைத்தால் என்ன கேஸ் என்று சேனாபதிக்குத் தெரியாது. தெரியாததால்தான் இத்தனை பயம்.

“நோ. நாட் அவர் லாங்வேஜ்.”

பச்சைப் பிள்ளையை எரிக்கக் கூடாது, மண்ணில்தான் வைக்க வேண்டும் என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். அபார்ட்மென்டில் கைப்பிடி மண் கிடையாது; இந்த மரத்தடிதான் கிடைத்தது. வெறும் மண்ணில் வைத்தால் நாய் தோண்டிவிடும் என்று, சீர்ப் பாத்திரத்தில் வைத்து மூடியவனே அவன்தான். அழுத அழுகையில் அதில் வெட்டியிருந்ததை யார் பார்த்தார்கள்?

கல்யாணத்துக்கு அவள் அப்பா திருப்பூர்ப் பாத்திரக்கடையில் நின்று வெட்டவைத்தது: சேனாபதி – வசந்தாமணி.

ரோசன் அவளையும் பார்த்தார். அவள் தலை குனிந்தாள்.

யாருமில்லாவிட்டால் எங்களோடு வரட்டும் என்று, தாத்தாவின் பெட்டிக்குப் பக்கத்தில் போசியை வேனில் வைத்தார். கீழே கிடந்த கூழாங்கல் ஒன்றை எடுத்து மூடிமேல் வைத்தார். அவர்கள் வழக்கத்தில் கல்லறைமேல் சொந்தக்காரர்கள் வைக்கிற கல்லாம்.

வேன் கிளம்பியது. எந்த ஊருக்கு என்று அவள் கேட்கவில்லை. எழுத்துகூடத் தெரியாது என்று நின்றவள் எந்த வாயால் கேட்பது?

இன்று வெள்ளிக்கிழமை. பையில் பால் அப்படியே இருந்தது.