இடது கைச் சுற்று

“பிளம்பரை வரச் சொல்லியிருக்கேன். சிங்க்குக்கு அடியில இருக்கிற வால்வு மறுபடியும் ஒழுகுது” என்றார் கணவர், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மாதத்தில் இது நாலாவது தடவை.

“போன சனிக்கிழமைதானே சரி பண்ணிட்டுப் போனா?”

“பழைய வீடு, பழைய பைப்பு. என்ன பண்றது?”

“ஊர்ல வேற பிளம்பரே இல்லையா?”

“இவங்க வேலை சுத்தமா இருக்கும்.”

சுத்தமாம்! பதினெட்டு வருடமாக டீச்சர் இந்த வீட்டில் மாடாய் உழைக்கிறாள். ஒரு நாளாவது அந்த வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை உதிர்ந்ததுண்டா?

பிளம்பர் என்றதும் மீசை வைத்த யாரோ ஒரு ஆள் வருவான் என்றுதான் முதல் தடவை டீச்சர் நினைத்திருந்தாள். வந்து நின்றதோ முப்பத்தைந்து வயதுப் பெண். பேன்ட், சட்டை, தூக்கி முடிந்த கொண்டை, தோளில் கனமான கருவிப் பை. அன்றைக்கு ஆரம்பித்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கியபாடில்லை.

சும்மா ஒன்றும் சந்தேகப்படவில்லை. மூன்று மாதமாகவே மனிதர் ஆள் மாறிப்போயிருந்தார். ஆபீஸ் கிளம்பும்போது பையில் கூடுதலாக ஒரு சட்டை. “டப்பால கொஞ்சம் சேர்த்து வை, கூட ஒருத்தர் சாப்பிடறாங்க” என்று ஒரு புதுப் பழக்கம். வீட்டுக்கு வந்ததும் யார் முகத்தையும் பார்க்காமல் நேராகக் குளியலறைக்குப் போய், சோப்புப் போட்டுக் கையைத் தேய் தேய் என்று தேய்க்கிறார்.

இன்று இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது, விஷயம் உண்மையென்றால் சாயங்காலமே அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிடுவது என்று டீச்சர் முடிவே கட்டிவிட்டாள். திருத்த வேண்டிய கணக்கு நோட்டுகளை எடுத்துக்கொண்டு வந்து சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

பத்து மணிக்கு பிளம்பர் வந்தாள். “வணக்கம் டீச்சர்!” வாயெல்லாம் பல்.

“ம்.”

மாடித் தொட்டித் தண்ணீரை அடைத்துவிட்டு வந்து, சொட்டுக்கு வைத்திருந்த வாளியை நகர்த்தி, சிங்க்குக்கு அடியில் புகுந்தாள். கணவர் டார்ச்சோடு பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முட்டி வலி என்று சொல்லி, கீழே விழுந்த பேனாவைக்கூட டீச்சரை எடுத்துத் தரச் சொல்கிறவர்!

அடுத்து நடந்ததைத்தான் டீச்சரால் தாங்கவே முடியவில்லை. பிளம்பர் ஒன்றும் பேசவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டினாள். கணவர் பையைத் துழாவி ஒரு ஸ்பேனரை எடுத்து அந்தக் கையில் வைத்தார். மறுபடியும் நீட்டினாள். இந்தத் தடவை பழைய துணி. வீட்டில் கரண்டி எந்த அலமாரியில் இருக்கிறது என்று இன்றுவரை தெரியாதவருக்கு, இவளுக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் கேட்காமலே தெரிகிறது! சரியான விடை ஒன்றின் மேல் டீச்சர் பெரிதாகத் தப்புப் போட்டாள்.

வால்வைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த பிளம்பர் சிரித்துவிட்டாள்.

“ஒழுகாம இருக்க மரையில சுத்தற இந்த வெள்ளை டேப் எப்படிச் சுத்தியிருக்கு பாருங்க டீச்சர். மரை போற பக்கமா சுத்தணும். எதிர்ப்பக்கமா சுத்தினா, முறுக்கறப்பவே பிரிஞ்சு வந்துடும். அப்புறம் ஒழுகாம என்ன செய்யும்?”

“அப்ப போன வாரம் நீங்க சுத்தினது தப்பா?” டீச்சருக்கு அதில் ஒரு சந்தோஷம்.

“ஐயோ, நான் சுத்தினா இப்படி வராது. இடது கைக்காரங்க சுத்தினாத்தான் இப்படி வரும்.”

டீச்சரின் பேனா நின்றது.

அந்த வீட்டில் இடது கைக்காரர் ஒருவர்தான். அவர் டார்ச்சை இடது கையில் பிடித்தபடி, சுண்ணாம்பு உதிர்ந்த சுவரை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்களா?” மடியிலிருந்த நோட்டுகள் சரிந்தன. “நான் கடைக்குப் போற நேரமா பார்த்து, நீங்களே கழட்டி, நீங்களே ஒழுகவிட்டு, இவளை வரவழைக்கிறீங்களா?”

“கொஞ்சம் மெதுவா பேசேன்...”

“ஏன் மெதுவா பேசணும்? டப்பால ரெண்டு பேருக்கு வாங்கிட்டுப் போறீங்களே, அதுவும் இவளுக்குத்தானே?”

“ஆமா டீச்சர், எனக்குத்தான்” என்றாள் பிளம்பர் கூச்சமே இல்லாமல். “உங்க கைப்பக்குவம் யாருக்கு வரும்? தினமும் சாப்பிடறப்போ உங்களைத்தான் நினைச்சுக்குவேன்.”

தினமுமா! டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். அண்ணன் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டிய பெட்டி பரணில் இருப்பது ஞாபகம் வந்தது.

பிளம்பர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

“சார், இன்னுமா வீட்ல சொல்லல?”

“எதைச் சொல்லல?” டீச்சர் பிளம்பர் பக்கம் திரும்பினாள். “அவருக்கு வாய் வராது. நீயே சொல்லு.”

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். டார்ச் வெளிச்சம் சுவரில் ஆடியது.

“சாரோட ஆபீஸை மூடி மூணு மாசம் ஆச்சு டீச்சர். அப்போலேருந்து என்கிட்டதான் வேலை கத்துக்கறார். வீட்டு வால்வுலயே கழட்டி மாட்டிப் பழகுங்கன்னு நான்தான் சொன்னேன்” என்றாள் பிளம்பர். “நாலு வாரமா நான் வந்து திருத்திட்டுப் போறது, அவரோட வீட்டுப்பாடத்தைத்தான்.”