தள்ளினால் திறக்கும் போன்

பூரணி மறுபடியும் பத்தாம் நம்பர் தேயிலை மலைக்கு ஏறிக்கொண்டிருந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

கையில் ஒன்றும் எடுத்துப் போகவில்லை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிக் காய்த்த கை. அதுவே போதும்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குள் போன் வேலை செய்யாது. மேலே தேயிலைக்கு நடுவில் ஒரு பாறை இருக்கிறது, அங்கே போய் நின்றால்தான் டவர் கிடைக்கும். அதனால் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பது லயத்துக்கே தெரியும். என் பெண்சாதி பூரணி யாரோடு பேசுகிறாள் என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய்ப் பதினொரு வருசம் இருந்தவள். நடுவில் இரண்டு தடவை லீவில் வந்தாள். 2010 பொங்கலுக்குத்தான் ஒரேயடியாகத் திரும்பினாள். "வாங்க" என்றாள் மகள் சுதர்ஷினி, கடன் கேட்க வந்த சொந்தக்காரரைக் கூப்பிடுகிற மாதிரி.

எனக்கு ஒரு ஸ்வெட்டர் கொண்டுவந்தாள். மகளுக்கு ஒரு சங்கிலி. தனக்கு அந்தப் போன்.

கறுப்புப் போன். கண்ணாடியை விரலால் தடவினால் படம் நகரும். பக்கவாட்டில் தள்ளினால் அடியிலிருந்து மேசை லாச்சி மாதிரி ஒரு தட்டு வெளியே வரும். அதில் பொடிப்பொடியாக இங்கிலீஷ் எழுத்து. மூன்றாம் வகுப்போடு நின்றவள், இரண்டு கட்டை விரலாலும் அதைக் குத்துகிறாள். குத்திவிட்டுச் சிரிக்கிறாள்.

என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை. கலியாணத்தன்றுகூடச் சிரிக்கவில்லை.

சோற்றுப் பானை பொங்கி அடுப்பில் வழியும். அவள் போனைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருப்பாள். படுத்தால் தலையணைக்கு அடியில் அது. எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு ஆள் படுத்திருக்கிற மாதிரி.

நான் யாரையும் லேசில் நம்புகிறவன் இல்லை. கொழுந்து நிறுக்கிற தராசையே நம்பியதில்லை. இன்றைக்குக் காலையில் அவள் பீலித் தண்ணியில் குளிக்கப் போன நேரம் போனை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்துக் காம்பரா வீட்டு நல்லமுத்துவிடம் நீட்டினேன். அவனுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வாசிக்க வரும்.

"அண்ணே, நூர்னு ஒருத்தரு அனுப்பியிருக்காரு. மிஸ் யூன்னு போட்டிருக்கு."

"அப்படின்னா?"

"நீ இல்லாம இருக்க முடியலன்னு அர்த்தம்ண்ணே." போனைத் திருப்பித் தந்தவன் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "இந்த வயசுலயும் அண்ணிக்கு மவுசு கொறையல" என்றான்.

நூர் ஆம்பிளைப் பேர். கந்தப்பளையில் துணிக்கடை வைத்திருக்கிறவர் பேரும் அதுதான்.

பகல் முழுக்கக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளைக்குத் தலை பின்னியது நான். பேன் பார்த்தது நான். அவள் பெரியவளானபோது யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் வாசலில் உட்கார்ந்திருந்ததும் நான்தான். அங்கே இவளுக்கு நூர்.

பாறைக்குப் பக்கத்தில் பூரணி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். போன் அடித்தது. காதில் வைத்தாள்.

"சொல்லு தங்கம்" என்றாள்.

தங்கம்.

எட்டிப் பறித்தேன். பள்ளத்தில் வீசக் கையை ஓங்கினேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கட் பண்ணிறாதீங்க. நீங்களே பேசுங்க."

பேசத்தான் போகிறேன். அந்த ஆளுக்குத் தமிழ் விளங்குமா என்றெல்லாம் யோசிக்கவில்லை.

"யாருடா நீ?"

அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. பெண் பிள்ளைக் குரல். பத்து வயது இருக்கும். தமிழ்தான் பேசியது. அதுவும் எங்கள் லயத்துத் தமிழ், பூரணி இழுக்கிற அதே இழுப்போடு.

"நீங்கதான் அவங்களா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை.

பூரணி என் பேரை வாயால் சொல்ல மாட்டாள். கலியாணமான நாளிலிருந்து யாரிடமும் சொன்னதில்லை. எங்கே போனாலும் அவங்கதான். அவங்களுக்கு உறைப்பு வேணும். அவங்களுக்கு மழையில இருமல் வரும். குவைத்திலும் அப்படியே பேசியிருக்கிறாள் போல. அதுதான் என் பேர் என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கிறது.

பிறந்த குழந்தையைப் பார்க்கிற வேலை என்று சொல்லித்தான் ஏஜென்சிக்காரன் அவளை அனுப்பினான். அந்தக் குழந்தை வளர்ந்திருக்கும், அதற்கு நூர் என்று ஒரு பேர் இருக்கும் என்று இத்தனை வருசத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை.

"அவங்களா?" என்றது மறுபடியும்.

"ஆமா."

"எங்க அம்மாவ எப்ப திருப்பி அனுப்புவீங்க?"

பூரணி என் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்துத் தேயிலைச் செடியில் ஒரு இலையைக் கிள்ளி, அதைத் துண்டு துண்டாகப் பிய்த்துக்கொண்டு நின்றாள்.

சுதர்ஷினியும் சின்னதில் இதைத்தான் கேட்பாள். அம்மாவ எப்ப அனுப்புவாங்க, அப்பா? என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. வருசா வருசம் அதையே சொன்னேன். பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

அந்தப் பதில்தான் இப்போதும் வாயில் வந்தது.

"தீபாவளிக்கு அனுப்புறேம்மா."