தெசெயாதா

மரக்காணம் இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த தமிழ்நிலாவிடம் ஓர் அம்மாள் ஒரு சீட்டை நீட்டினாள். கையெல்லாம் உப்பளத்து வெடிப்பு.

“மழைக்காலத்துல ஆரோவில்ல வீட்டு வேலைக்குப் போவேன். அந்த வீட்டு ஸ்பெயின்காரம்மா எழுதிக் குடுத்த பொம்பளப் பேருங்க. எங்கேர்ந்து வந்துச்சு, என்ன அர்த்தம்னு நெட்ல பாரு கண்ணு.”

“பேத்திக்கா, அக்கா? நம்ம பேரா ஒண்ணும் கெடைக்கலியா?”

“ஊர்ல எவனுக்கும் அர்த்தம் புரியக் கூடாது.”

தமிழ்நிலா தேடினாள். “சொலெதாத். மாதா பேர்லேர்ந்து வந்ததாம். தனிமைன்னு அர்த்தம்.”

“அதான் நெறைய இருக்குதே. அடுத்தது?”

“தெசெயாதா. லத்தீன்லேர்ந்து வந்த பழைய பேரு. ஆசப்பட்டுப் பெத்த பொண்ணுன்னு அர்த்தம்.”

அதை இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள் அம்மாள். “இதையே ஃபார்ம்ல எழுது.”

“பர்த் சர்டிபிகேட்டுக்கா?”

“பேர் மாத்துறதுக்கு.”

ஆதார் அட்டையை எடுத்து வைத்தாள். படம் அவளுடையதுதான். பெயர்: வேண்டாம்.

“நாலாவதும் பொண்ணாப் பொறந்தேன்னு எங்கப்பா வெச்சாரு.”

தமிழ்நிலா ஃபார்மை எழுதி முடித்தாள். “வீட்ல இனிமே இந்தப் பேரச் சொல்லித்தான் கூப்பிடுவாங்களாக்கா?”

“வீட்ல யாருமில்ல கண்ணு. நீ ஒரு தடவ கூப்பிடேன்.”